வளைவும் வேலிச் சந்தும்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

லட்ரீஸ் போல்டனை இன்றும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மத்தியானம் ஒரு செய்தி மட்டும் வந்தது: "சமையற்கட்டுல இருக்கேன். அப்புறம் பேசு."

போன வாரமும் இதேதான். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

ஹாலோவே கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் எங்கள் மாண்ட்கமரி கிளை இந்த வருடம் ஒரு தீர்மானம் போட்டது. படிப்பைப் பாதியில் விட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவருக்கும் சங்கத்திலிருந்து ஒரு துணை. நல்ல தீர்மானம், நானும் கையைத் தூக்கினேன். இருபது வயசுப் பிள்ளை ஒன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும், முதுகில் தட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்தவருக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு இருபத்தேழு.

அவர் ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறார். அதே பள்ளியில் ஆசிரியராக வேண்டும் என்பது ஆசை. மிச்சம் இருப்பது இரண்டுதான். இந்தப் பருவத்தில் புள்ளியியல். அடுத்த பருவத்தில் பயிற்சி ஆசிரியராக வகுப்பெடுப்பது. எல்லாம் சரியாக நடந்தால் மே மாதம் பட்டம்.

கிளைத் தலைவி பெர்னடீன் அத்தையிடம் போய் முறையிட்டேன். இறுதிச் சடங்கு இல்லம் நடத்துகிறவர் அவர். யார் அழுதாலும் அசைய மாட்டார். "அவளுக்குக் கணக்கு வராது. உனக்குக் கணக்கைத் தவிர வேற ஒண்ணும் வராது. ஜாடிக்கேத்த மூடி, போ" என்றார்.

நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிக்னல் விளக்குகளுக்கு நேரம் குறிப்பது என் வேலை. எவ்வளவு பெரிய சாலையையும் என்னால் நிறுத்திவைக்க முடியும். ஒரு பெண்மணியைத் தொலைபேசி எடுக்கவைக்க முடியவில்லை.

செப்டம்பர் 13, சனி

வந்துவிட்டார். சர்ச்சில் மீன் பொரித்துவிட்டு நேராக நூலகத்துக்கு. மேலெல்லாம் எண்ணெய் வாசனை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் எனக்குத் துணையா?"

"ஆமாங்க."

"உனக்கு யாரு துணை? அம்மா வெளிய கார்ல இருக்காங்களா?"

பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்து சராசரி, விலக்கம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். கன்னத்தில் கைவைத்து முழுவதையும் கேட்டார். முடித்ததும் சொன்னார்: "நீ சொல்றது உனக்கு நல்லாப் புரியுது பாப்பா. ரொம்ப சந்தோஷம். இப்ப எனக்கு."

கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. அடுத்த வாரம் வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

வேறு மாதிரியும் பலிக்கவில்லை. ஆனால் வறுத்த பீக்கன் கொட்டை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். என்னை 'சின்ன வாத்தியார்' என்று கூப்பிடுகிறார். நான் 'அக்கா' என்கிறேன். ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

பாடம் முடிந்து பேசிக்கொண்டே கல்லூரி வாசலின் செங்கல் வளைவுப் பக்கம் நடந்துவிட்டேன். லட்ரீஸ் அக்கா நின்றுவிட்டார்.

"நீ இப்படிப் போ. நான் சந்து வழியா வர்றேன்."

எனக்கு மறந்தே போயிருந்தது. ஹாலோவேயில் சேர்ந்த முதல் வாரம் அந்த வளைவு வழியாக உள்ளே வருவோம். பழைய மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று கைதட்டி அழைப்பார்கள். அதற்கப்புறம் பட்டம் வாங்கும் நாளில்தான் அதன் வழியாக வெளியே போவது. இடைப்பட்ட வருடங்களில் மழையோ வெயிலோ, எல்லோருக்கும் பக்கத்து வேலிச் சந்துதான். பட்டம் வாங்கிவிட்டால் தடையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். முந்திக்கொண்டு போனவருக்குப் பட்டம் கிட்டாது என்று ஒரு பேச்சு. யாரும் அதை நம்புவதில்லை. யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை.

நானும் அவரோடு சந்து வழியாகவே வந்தேன். வேலி கையைக் கீறியது. நடந்துகொண்டே சொன்னார். தொண்ணூற்றாறில் சேர்ந்தாராம். மூன்றாம் வருடத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம், வீட்டில் இரண்டு தம்பிகள்.

"பெட்டியைத் தூக்கிக்கிட்டு வேணும்னே வளைவு வழியாத்தான் போனேன். அவ்வளவு கோவம். நானே போறேன், எனக்கு என்னடா சட்டம்னு. இப்ப எத்தனை வருஷமாச்சு. வளைவுக்கும் கோவம் ஆறியிருக்கும், இல்ல?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 11, சனி

இடைத்தேர்வில் தேறிவிட்டார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

அக்டோபர் 18, சனி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

இன்று கல்லூரித் திருநாள். எங்கெங்கோ இருக்கும் பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்பும் நாள். காலையிலிருந்தே வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கறி சுடும் புகை. எங்கள் கிளைக் கூடாரத்தில் லட்ரீஸ் அக்கா கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்த வருடம் வெள்ளி விழா. எல்லோர் தோளிலும் வெள்ளிப் பட்டை. அவர்கள்தான் தொண்ணூற்றாறில் அக்காவோடு சேர்ந்தவர்கள். கண்டுபிடித்துவிட்டார்கள்.

"போல்டன், நீ எங்க கூடத்தானே உள்ள வந்த? மீனை வேற யாராவது பாத்துப்பாங்க. வா."

ஒருத்தி தன் பட்டையைக் கழற்றி அக்காவின் தோளில் போட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். "போகட்டுமா?"

நான் என்ன சொன்னேன்? "போங்க அக்கா, உங்க ஆளுங்க கூப்பிடறாங்க." கரண்டியைக் கையிலிருந்து பிடுங்கி, முதுகில் ஒரு தள்ளும் தள்ளினேன்.

போன வருடம் வளைவில் சாரம் கட்டிப் பழுதுபார்த்ததால் ஊர்வலம் சந்துப் பக்கமாகத் திரும்பியது. இந்த வருடமும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். சாரத்தைப் பிரித்து மாதக்கணக்காகிறது. தினம் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஊர்வலத்துக்காகத் தெருச் சிக்னலை நிறுத்திவைத்ததே நான்தான். ஊர்வலம் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

முன்னால் பேண்டு வாத்தியம். பின்னால் தோள்மேல் கைபோட்டு ஆடிக்கொண்டு வரும் வரிசை. லட்ரீஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தபோது வளைவுக்கு அடியில் இருந்தார். நிற்க முடியவில்லை, பின்னால் இருந்தவர்கள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வெளிப்பக்கம் டார்வர் ஐயா கோலோடு நின்றிருந்தார். எழுபத்தெட்டு வயது, தபால் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்வல வரிசை அவருடைய ராஜ்ஜியம். கோலைத் தூக்கினார். முரசு நின்றது, கொம்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

"போல்டன். உனக்கு எப்ப பட்டம் குடுத்தாங்க?"

அக்காவின் கை தோளில் இருந்த பட்டைக்குப் போனது.

"பட்டம் வாங்காதவங்க வேலிப் பக்கம். வரிசையை விட்டு வெளிய போ."

குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வாத்தியம் நின்ற அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. முதல் வருடப் பையன்கள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "பாட்டி அவுட்டு" என்று எவனோ சொன்னான். அக்கா பட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். நான் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவர் வண்டி கிளம்பிவிட்டது.

கூடாரத்துக்குத் திரும்பி வந்தால் மீன் கருகிக் கிடந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

எடுக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

நூலகத்தில் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. சரி, போகட்டும்.

போகட்டுமாவது. தள்ளிவிட்டது யாரு? நான்தானே. விடறதா இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

புள்ளியியல் பேராசிரியரிடம் கேட்டேன். அக்கா பாடத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாராம். மே மாதம் பட்டம் வேண்டுமென்றால் இனி புள்ளியியலும் பயிற்சி வகுப்பும் ஒரே பருவத்தில். ஜனவரி பன்னிரண்டு வரை பதிவு செய்துகொள்ளலாம். அதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் ஆகும். இன்னொரு வருடம் என்று போனவர் திரும்பி வர எவ்வளவு காலம் ஆனது என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 5, புதன்

அவர் எடுக்காவிட்டால் என்ன, பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, வாசலில் பெயர் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் தட்டோடு நின்றேன். முன்னாலும் பின்னாலும் என் இடுப்பு உயரத்துக்குப் பிள்ளைகள்.

"சோளமா, பீன்ஸா?" தலை நிமிராமலே கேட்டார்.

"அக்கா, நான் சாப்பிட வரல."

"அப்ப வரிசையை அடைக்காத."

சோளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் என் பக்கம் வரவில்லை.

நவம்பர் 12, புதன்

பீன்ஸ்.

நவம்பர் 19, புதன்

இன்று கூட்டம் கலைந்ததும் கூந்தல் வலையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு. லீவு போட்டுட்டு வர்றேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க பேசற வரைக்கும்."

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசை அது.

"சொல்றேன், கேட்டுட்டுப் போ. வளைவு என் பட்டத்தைப் புடிச்சு வச்சிருக்குன்னு நான் நம்பல. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ நான். அந்த ஐயா சொன்னதும் பொய் இல்ல, எனக்குப் பட்டம் கிடையாது. அதுகூடப் பரவால்ல. அந்த வீடியோ இங்க வரைக்கும் வந்துடுச்சு. மூணாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி, நிய்லா, பால் வாங்கறப்ப கேக்கறா: 'மிஸ் லட்ரீஸ், உங்களை எதுக்கு வெளிய போகச் சொன்னாங்க?' இந்தப் பிள்ளைங்க முன்னாடிதான் நான் டீச்சரா நிக்கணும். அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவேன்? நீ சொல்லு."

'திரும்பக் கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்க' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். யார் கூப்பிட்டோம்? நாலு பேர் தொலைபேசியில் சமாதானம் சொல்லியிருப்பார்கள். நான் சோளம் தின்றுகொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் வெளியே அனுப்பிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் உள்ளே கூப்பிட ஒருவரும் வரவில்லை.

வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் கிளப்பாமலே இருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விருந்தில் அம்மா இரண்டு முறை கேட்டாள், ஏன் வான்கோழியோடு சண்டை போடுகிறாய் என்று.

டிசம்பர் 6, சனி

கிளைக் கூட்டம். எப்போதும் போல பெர்னடீன் அத்தையின் இறுதிச் சடங்கு இல்லத்தில், பின்னறையில். எழுந்து நின்று சொன்னேன். ஆகஸ்டில் புதுப் பிள்ளைகளை வளைவில் கைதட்டி அழைக்கிற மாதிரி, ஜனவரியில் லட்ரீஸ் அக்கா ஒருவருக்காக நாம் நிற்க வேண்டும்.

டார்வர் ஐயா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "வழக்கம் இல்ல. உள்ள வர்றது ஆகஸ்ட்ல. சேர்ற வருஷம் ஒரு தடவை. அவளுக்கு அது தொண்ணூத்தாறுலயே ஆயிடுச்சு."

"அவங்க தப்பு இல்ல ஐயா. நான்தான் தள்ளிவிட்டேன்."

"யாரு தள்ளினாலும் போனது போனதுதான், குட்லோ. ஆளாளுக்கு வளைச்சா அது வழக்கமா? நாளைக்கு வேற ஒருத்தன் கேப்பான்."

எழுதிவைத்துக்கொண்டு போன பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. "கேக்கட்டுமே. நிக்க ஆள் இல்லையா நம்மகிட்ட? ஊரே பாக்க, பேண்டை நிறுத்திட்டு வெளிய போன்னு சொன்னோம். உள்ள வான்னு கூப்பிடறதை மட்டும் போன்ல பண்ணணுமா? துணை துணைன்னு தீர்மானம் போட்டோமே, அது எதுக்கு? நீங்க யாரும் வர வேணாம். நான் ஒருத்தியே நின்னு தட்டறேன். எனக்கு ரெண்டு கை இருக்கு."

டார்வர் ஐயா எழுந்து, மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெர்னடீன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஜனவரியில குளிரும். அடக்கத்துக்குப் போடற கூடாரம் ஒண்ணு சும்மா கிடக்கு. கொண்டாரச் சொல்றேன்."

டிசம்பர் 10, புதன்

சோளம் வாங்கும்போதே சொல்லிவிட்டேன். பின்னால் பிள்ளைகள் நெருக்கினார்கள்.

"எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்" என்றார் லட்ரீஸ் அக்கா.

"பாவம் பாக்கல. தப்பு எங்களோடது, நாங்க சரி பண்றோம். ஜனவரி பத்து, சனிக்கிழமை, காலைல பத்து மணி."

"வர்றேன்னு நான் சொல்லல."

"சொல்ல வேணாம். நாங்க நிப்போம்."

"தட்டைத் தள்ளு. பின்னாடி பிள்ளைங்க பசியோட நிக்குது."

டிசம்பர் 25, வியாழன்

வாழ்த்து அனுப்பினேன். பதிலுக்கு, அவர் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரத்தின் படம் வந்தது. படம் மட்டும்.

ஜனவரி 9, 2026, வெள்ளி

திங்கட்கிழமையோடு பதிவு முடிகிறது. நாளை அவர் வரவில்லை என்றால்? எழுத மாட்டேன். நாளை கையுறை வேண்டும். கையுறை போட்டால் தட்டும் சத்தம் வராதே? வேண்டாம்.

ஜனவரி 10, சனி

புல் எல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பெர்னடீன் அத்தையின் கறுப்புக் கூடாரம் வளைவுக்கு உள்பக்கம் எழும்பிவிட்டது. 'ஓட்ஸ் இறுதிச் சடங்கு இல்லம்' என்று கொட்டை எழுத்தில். தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "யாரு போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரும் போகல. ஒருத்தி வர்றா" என்றார் அத்தை.

கிளையில் நடக்க முடிகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டாயிரத்தில் பட்டம் வாங்கியவர்களில் சிலர் அட்லாண்டாவிலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பி வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பின்னாலிருந்து ஓர் அதட்டல். "யாரு உங்களை இப்படி நிக்க வச்சது?"

டார்வர் ஐயா. ஊர்வலக் கோட்டு, வெள்ளைக் கையுறை, கையில் கோல்.

"செய்யறதுன்னா ஒழுங்காச் செய்யணும். வருஷ வாரியா நில்லுங்க. அறுபத்தொன்பது இங்க. எழுபதுகள் பின்னாடி. குட்லோ, நீ நேத்து முளைச்சவ, கடைசிக்குப் போ."

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறினோம். என்னைக் கடைசி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் உடனே நகரவில்லை. அவர் மனைவி எர்னஸ்டின் இறந்து நாலு வருடம் ஆகிறது. பெர்னடீன் அத்தைதான் அடக்கம் செய்தார்.

"எர்னஸ்டினும் இங்கதான் படிச்சா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டாம் வருஷத்தோட போனா. திரும்ப வரணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா. யாரும் போய்க் கூப்பிடல. நானும்தான் கூப்பிடல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி முன்வரிசைக்குப் போய்விட்டார்.

பத்து மணி ஆனது. தாண்டியது. தெருவில் வந்த வண்டிகள் எல்லாம் நேராகப் போயின. என் கால்விரல்கள் மரத்துவிட்டன. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. வராவிட்டாலும் திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் நிற்பேன், அதற்கடுத்த புதனும் நிற்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எல்லாரும் வெளிய பாத்துக்கிட்டு எவளுக்காக நிக்கறீங்க?"

குரல் எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தது. லட்ரீஸ் அக்கா. சர்ச்சுக்குப் போடும் நீல மேல்கோட்டு, தலையில் தொப்பி. கோட்டுக் கையில் வேலிச் சருகு ஒட்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"அப்பவே. பழக்கதோஷம், சந்து வழியா உள்ள வந்துட்டேன். வந்தப்புறம் எவ்வளவு நேரம் நிக்கறீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

டார்வர் ஐயா கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "உள்ள இருக்கறவளை உள்ள கூப்பிட முடியாது. சுத்திக்கிட்டு வெளிய போ."

பெர்னடீன் அத்தை 'கர்த்தாவே' என்று கண்ணை மூடிக்கொண்டார். லட்ரீஸ் அக்கா ஐயாவையே பார்த்தார்.

"ரெண்டாவது தடவையா என்னை வெளிய போகச் சொல்றீங்க ஐயா."

"ஆமா. முதல் தடவை அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இந்தத் தடவை கூப்பிடறதுக்காகச் சொல்றேன்."

அக்கா கோட்டுக் கையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டார். பிறகு திரும்பி வேலிச் சந்துக்குள் போனார். இலைகள் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வளைவுக்கு வெளியே, தெருவோரம் வந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

டார்வர் ஐயா கோலைத் தூக்கினார். ஆகஸ்டில் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கிற அதே கேள்வி. "யார் வருவது?"

"லட்ரீஸ் போல்டன். தொண்ணூத்தாறாம் வருஷம்."

"நேரமாயிடுச்சு" என்றார் ஐயா. "உள்ள வாம்மா."

கையுறை இல்லாத கைகள் எரிய எரியத் தட்டினோம். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். அக்கா என் பக்கம் வந்தபோது கன்னம் நனைந்திருந்தது. "குளிரு" என்றார். நானும் குளிர்தான் என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

பதிவு செய்துவிட்டார். புள்ளியியல், பயிற்சி வகுப்பு, இரண்டும்.

பிப்ரவரி 4, புதன்

அந்தப் பள்ளியிலேயே, மூன்றாம் வகுப்பிலேயே பயிற்சி கிடைத்திருக்கிறது. நிய்லாவின் வகுப்பு. முதல் நாளே அந்தப் பெண் கேட்டாளாம், இப்போது உங்களை என்ன செய்தார்கள் என்று.

"திரும்பக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

"அவ என்ன சொன்னா?"

"சரின்னா. அப்புறம் பென்சில் சீவணும்னா."

மார்ச் 7, சனி

சண்டை. புள்ளியியல் சிறு தேர்வில் தோற்றுவிட்டார். காலையில் வகுப்பு, மாலையில் பாடம் தயாரிப்பு, சனிக்கிழமை நான். "என் மண்டையில இடம் இல்ல, விட்டுடு" என்றார். "விட மாட்டேன்" என்றேன். "நீ யாருடி எனக்கு?" என்றார். "துணை" என்றேன். புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் செய்தி வந்தது: "அடுத்த சனி எத்தனை மணி?"

மார்ச் 14, சனி

இன்று நான் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பரிலேயே திறக்காமல் இருந்திருக்கலாம். "என்னை நிய்லான்னு வச்சுக்குங்க, நீங்க சொல்லித் தாங்க" என்று பென்சிலை அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவதாக வைத்துக்கொண்டு, சராசரி எங்கே நிற்கிறது, யார் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று எழுந்து நின்று சொன்னார். பாதியில் நின்று, தன் கையெழுத்தையே பார்த்தார்.

"அட, இவ்வளவுதானா இது? நீ ஏன் இதைப் போய் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன?"

மே 9, சனி

தேறினார். பட்டம் வாங்கினார். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றார். இரண்டாயிரத்தின் ஆட்கள் அந்த வெள்ளிப் பட்டையோடு ஓடி வந்தார்கள்.

"எனக்கு எதுக்கு? என் வருஷம் இதுதான். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, எழுபத்துமூணு வயசுல வந்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் துவைச்சு வைங்க" என்றார்.

வளைவில் டார்வர் ஐயா கோலோடு நின்றார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, வழிவிட்டு நகர்ந்தார். அக்கா அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. வெளியே போய்த் திரும்பிப் பார்த்து, "சின்ன வாத்தியார், வண்டியை எங்க விட்டிருக்க? காலு செருப்புல வெந்துடுச்சு" என்றார்.

ஆகஸ்ட் 12, புதன்

சனிக்கிழமை புதுப் பிள்ளைகள் வளைவு வழியாக உள்ளே வருகிறார்கள். கைதட்ட ஆள் சேர்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார் பெர்னடீன் அத்தை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். லட்ரீஸ் அக்கா எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு செய்தி மட்டும் வந்தது: "வகுப்புல இருக்கேன். அப்புறம் பேசு."